மாதத் தவணை தவறாத மகனுக்கு

மகனே, இந்தக் கடிதத்தை நீ தனியாக வாசித்து முடிக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னை இங்கே தாராவியில் இந்திப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தோம். கல்யாணப் பத்திரிகையில் நம் ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று தேடுகிற அளவுக்குத்தான் உனக்குத் தமிழ் வாசிக்க வரும். இரண்டு வரி தாண்டுவதற்குள் தாளை மடக்கி, வரப்போகிற என் மருமகள் நஸ்ரினிடம் நீட்டி, "நீயே படிச்சுச் சொல்லு" என்பாய். நீட்டு, தப்பில்லை. அவள் மேலப்பாளையத்தில் தமிழிலேயே படித்தவள், சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிற டீச்சர். அவள் வாசிக்க வேண்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை அவள் ஊரிலேயே உங்களுக்கு நிக்காஹ். அது முடிந்த பிறகு இதை உன் கையில் தருவதாக இருக்கிறேன்.

இதையெல்லாம் நேரில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். எங்கே சொல்ல விட்டாய்? உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எடுத்தாலே, "போதும் உம்மா, பஸ் பிடிக்கணும்" என்று இரும்பு ஏணியில் கிடுகிடுவென்று இறங்கிவிடுகிறவன் நீ. திட்டினால் மட்டும் உட்கார்ந்து முழுவதையும் கேட்பாய். அதனால் இத்தனை வருஷமும் திட்டியே வந்திருக்கிறேன். பெற்றவளுக்குத் தன் பிள்ளையை வாயாரப் புகழ ஆசை இருக்காதா? இன்று பட்டறைக்கு லீவு. கீழே தையல் மெஷின் சத்தம் இல்லை. ஊருக்குக் கொண்டு போக வேண்டிய பெட்டிகளையெல்லாம் கட்டி முடித்துவிட்டேன். நிக்காஹ் முடிந்து திரும்பியதும் இந்த மேல் அறையை உங்கள் இருவருக்கும் ஒழித்துத் தந்துவிட்டு, தேவ்நாரில் என் கூடப்பிறந்த லாத்தா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப் போகிறேன். அதற்குமுன் மனதில் இருப்பதை எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

நஸ்ரினுக்கு நம் சந்தின் பழக்கவழக்கம் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் பட்டறையில் தோல் பை தைக்கிறோம். பெரிய கம்பெனிகள் தீபாவளிப் பரிசுக்கென்று ஒரேயடியாகப் பை கேட்பார்கள். ஒரு பட்டறையால் அத்தனையும் தைத்துக் கொடுக்க முடியாது என்பதால் நாலு பட்டறைக்காரர்கள் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். கம்பெனிக்காரர்கள் ரொக்கம் தர மாட்டார்கள். பில் வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும். நாலு பேரில் யாரிடம் கணக்கு இருக்கிறதோ அவர் பெயரில் பில் போடுவார்கள், பணம் முழுவதும் அவர் கணக்கில் வந்து விழும். அன்றைக்கே அதை எடுத்து மற்றவர்களின் பங்கைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இதற்குப் 'பேர் கொடுக்கிறது' என்று சொல்வார்கள். கல்யாண வீட்டுக்கு அண்டாவை இரவல் கொடுப்பது மாதிரி பெயரை இரவல் கொடுப்பது. அதற்குக் கமிஷன் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கையெழுத்துக் கேட்டால், "எங்கள நம்பலையா?" என்று முகம் சுண்டிவிடும். உன் வாப்பா இருந்தவரை அவர் பெயர் கொடுத்தார். அவர் மவுத்தான பிறகு எல்லோரும் உன்னிடம் வந்தார்கள். மீசைகூட ஒழுங்காக முளைக்காத உன்னைப் பெரிய மனிதனாக மதித்துக் கேட்கிறார்களே என்று எனக்கும் பெருமைதான்.

உனக்குப் பான் கார்டு எடுத்துக் கொடுத்தவன் தொண்ணூறடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை போட்டிருந்தான். ஃபாரத்தில் மெயில் என்று ஒரு கட்டம் இருந்ததாம். உனக்கு அப்போது மெயில் கிடையாது. "எதையாவது போடு பாய்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அவன் தன் மெயிலைப் போட்டுவிட்டான், தன் போன் நம்பரையும் போட்டுவிட்டான். உனக்கு மட்டுமல்ல, இந்தச் சந்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான் போட்டிருக்கிறான். வருஷா வருஷம் உனக்காக ஏதோ ஒரு சின்னக் கணக்கைக் காட்டிக்கொண்டும் இருந்தான். பிறகு கடையைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டான். நாலு பட்டறையின் பணமும் உன் ஒருவன் கணக்கில் வந்து போவதைப் பார்த்து வருமான வரிக்காரர்கள் நோட்டீஸுக்கு மேல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் அவன் மெயிலுக்குப் போயிருக்கிறது. நீ பதில் சொல்லவில்லை என்று அத்தனையும் உன் வருமானம்தான் என முடிவு கட்டி, வரியும் வட்டியும் அபராதமும் போட்டுவிட்டார்கள். நாம் இங்கே ஒன்றும் தெரியாமல் பையும் பர்சும் தைத்துக்கொண்டிருந்தோம்.

தெரிய வந்தது ரமலான் மாதக் கடைசியில். பீகாரிலிருந்து வந்த நம் தொழிலாளிகள் பெருநாளுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் சம்பளத்தை எடுக்க நீ பேங்குக்குப் போனாய். கணக்கை முடக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நீ திரும்பி வந்து அந்தத் தொகையைச் சொன்னாய். பட்டறையையும் இந்த மேல் அறையையும் சேர்த்து விற்றால்தான் அவ்வளவு வரும். அதற்குப் பிறகு தெருவில்தான் நிற்க வேண்டும். நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நோன்பு. அப்படியே மறுபடி இறங்கிப் போனாய். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தபோது உன் மோட்டார் சைக்கிள் இல்லை, தொழிலாளிகளின் சம்பளம் இருந்தது. "அவங்க ரயில் போயிரும்ல உம்மா. மத்தத நாளைக்குப் பாப்போம்" என்றாய். தலைக்கு மேல் வெள்ளம் போகிற நேரத்திலும் யாருடைய வேலை முதலில் நடக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் மகனே, உன்னை நான் முதல்முறையாக ஒரு ஆண்பிள்ளையாகப் பார்த்தேன்.

மறுநாளே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். உன் வாப்பாவுக்கு அண்ணன் போல இருந்த எதிர்ப் பட்டறை சுலைமான் காக்கா ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "இதுக்குப் போயி ஏன் கலங்குதிய? ஒங்க பேர்ல புதுசா ஒரு கணக்கு ஆரம்பிங்க. பழசை அப்படியே விட்டுருங்க. கவர்மெண்டு இந்தச் சந்துல ஒவ்வொரு ஏணியா ஏறிட்டா இருக்கும்?" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் ஆதார் கார்டைத் தேடி எடுத்தும் வைத்துவிட்டேன். நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் என் பெட்டியிலேயே வைத்தாய். "நாளைக்கு ஒங்களுக்கும் நோட்டீஸ் வரும். அப்பம் யாரு பேர்ல ஆரம்பிக்கதுக்கு?" என்று கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எவ்வளவு அபூர்வம் என்று நஸ்ரினுக்குப் போகப் போகத் தெரியும்.

அப்புறம் நாம் இருவரும் மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் அம்மாவைப் பார்க்கப் போனோம். பூக்கடைகளுக்கு மேலே மாடியில் அவருக்கு ஆபீஸ், படியேறும்போதே மல்லிகை வாசம் வந்தது. அந்த அம்மா தாள்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதோ பாருங்கோம்மா, இதுல பெரும்பகுதி உங்க பையனோட வருமானமே இல்லை. அது எனக்குப் புரியறது. டிபார்ட்மெண்டுக்குப் புரிய வைக்கணுமோல்லியோ? பணத்தை யாருக்குக் கொடுத்தேளோ அவாகிட்ட எழுதி வாங்கிண்டு வாங்கோ" என்றார். "எல்லாத்தையும் குறைக்க முடியாது. உங்க பங்குக்கே நீங்க வரி கட்டலையே" என்றும் சொன்னார். சரிதான், நம் பங்கும் அதில் இருந்தது. அதை நாம் மறுக்கக் கூடாது. மீதியை எப்படிக் கட்டுவது என்று நீ கேட்டாய். "மாசாமாசம் கட்டறேன்னு எழுதிக் கேக்கலாம். ஆபீசர் மனசு வெச்சாக் கொடுப்பா. ஆனா வட்டி ஓடிண்டேதான் இருக்கும். ஒரு மாசம் தவறினாலும் போச்சு, மீதி மொத்தத்தையும் அப்பவே கட்டியாகணும். நன்னா யோசிச்சுக்கோ" என்றார். நீ யோசிக்கவே இல்லை. "கேக்கலாம் மேடம்" என்றாய்.

எழுதி வாங்கப் போன கதை என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது. மற்ற இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கையெழுத்துப் போட்டார்கள். சுலைமான் காக்காதான் பெரும் பங்கு வாங்கியவர். "நான் எப்பம்ல வாங்குனேன்? எழுத்து எதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசலில் உன் வாப்பாவோடு தோளுரச உட்கார்ந்த மனிதர்! தன் பெயரிலும் நோட்டீஸ் வந்துவிடும் என்று அவருக்குப் பயம். அது எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் மன்னிக்க மனம் வரவில்லை. நான் சந்தின் நடுவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அவருடைய பங்குக்கான வரியும் உன் தலையில் விழுந்தது. நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஸலாம் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு அந்த ஸலாம்தான் அதிக எரிச்சல்.

வரி ஆபீசுக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தேனே, நினைவிருக்கிறதா? தேவைப்பட்டால் அழுவதற்குத் தயாராகத்தான் வந்தேன். விதவைத் தாய் புர்காவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றால் ஆபீசர் மனம் இளகாதா என்று ஒரு கணக்கு. அது எப்படித்தான் உனக்குத் தெரிந்ததோ, வாசலிலேயே என்னை நிறுத்தி, "உம்மா, அழக் கூடாது" என்றாய். உள்ளே அந்த ஆபீசர் உன்னை நிற்க வைத்தே கேள்வி கேட்டார். நீ எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டிச் சொல்லவும் இல்லை. பெயர் கொடுத்ததை, மெயிலைப் பார்க்காததை, எல்லாவற்றையும் உன் பம்பாய் இந்தியில் சொன்னாய். மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டதற்கு, பட்டறையை மூடாமல் கொடுக்க முடிகிற ஒரு தொகையைச் சொன்னாய். அவர் அதைக் கொஞ்சம் ஏற்றினார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஹர் மஹினா பரேகா? பக்கா?" என்று கேட்டார், மாதா மாதம் கட்டுவாயா, உறுதியா என்று. "பரேகா சாப். பக்கா" என்றாய். குரலில் கெஞ்சல் இல்லை, வீம்பும் இல்லை. உள்ளே அழாதவள் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அழுதேன். நீ எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாய்.

முடக்கிய கணக்கைத் திறக்க முதலில் ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது. என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் உம்மா என்று வசனம் பேசுவாய் என்று பயந்தேன். நீ பேசவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தாங்க உம்மா" என்றாய். அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் நகை வாங்கியபோதுகூடக் கிடைத்ததில்லை. உதவியை மறுப்பதுதான் பெருந்தன்மை என்று நினைக்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், உன் வாப்பாவும் அதில் ஒருவர். நீ வாங்கிக்கொள்ளத் தெரிந்தவன். இந்தக் குணத்தை விட்டுவிடாதே. நாளைக்கு நஸ்ரின் ஒன்றைக் கொடுத்தால், அது யோசனையாக இருந்தாலும் சரி, அப்படியே இரண்டு கையாலும் வாங்கிக்கொள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை என்னவென்று எழுத? ஆர்டர் பணம் வந்ததும் வரிப் பங்கை முதலில் எடுத்து ஒதுக்கிவிட்டு, தோலுக்கும் சம்பளத்துக்கும் போக மிச்சம் இருந்தால்தான் வீட்டுக்கு. பிரியாணி பெருநாளுக்கு மட்டும் என்றானது. நீ செம்பூருக்கும் பாண்டுப்புக்கும் சாம்பிள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போய் வந்தாய். உன் வயதுப் பிள்ளைகள் தவணையில் போன் வாங்கினார்கள், வண்டி வாங்கினார்கள். கட்டக் கட்ட அவர்கள் கையில் ஒரு பொருளாவது இருந்தது. நீ கட்டியதற்குக் கையில் ஒரு ரசீதுதான். அதைப் போனில் காட்டி, "பாத்தீங்களா உம்மா, இந்த மாசமும் ஆச்சு" என்று சிரிப்பாய். ஒன்றும் கிடைக்காத ஒரு தவணையைச் சிரித்த முகத்தோடு கட்டுகிற தெம்பு எங்கிருந்து வந்தது உனக்கு? என்னிடமிருந்து இல்லை. நான் ஒவ்வொரு மாதமும் சுலைமான் காக்கா வீட்டுப் பக்கம் பார்த்துப் பல்லைக் கடித்தவள்.

இன்னொன்றும் செய்தாயே. இனி யாருக்கும் பெயர் கொடுப்பதில்லை என்று சந்தில் சொல்லிவிட்டாய். சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம் என்று இருக்கவில்லை. பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய் அவரவர் பெயரில் கணக்குத் தொடங்க வைத்தாய், பான் கார்டில் அவரவர் போன் நம்பரையும் மெயிலையும் மாற்ற வைத்தாய். சுலைமான் காக்காவையும் கூட்டிப் போனாய். அன்றைக்கு நான் உனக்குச் சோறு போடவில்லை. நீயாகவே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "அவருக்கு மெயில் பாக்கத் தெரியாது உம்மா. எனக்கு வந்தது அவருக்கும் வரணுமா?" என்று கேட்டாய். உன் தட்டில் சோறு போடாத அந்த நாளை நினைத்தால் மனம் கனக்கிறது.

போன வருஷத்து மழையை நஸ்ரினிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய், நான்தான் சொல்ல வேண்டும். சந்தில் தண்ணீர் ஏறி நம் பட்டறைக்குள் புகுந்தது. வெட்டி வைத்திருந்த தோலெல்லாம் நனைந்து பூஞ்சை பிடித்தது. ஆர்டர் கையை விட்டுப் போனது. அந்த மாதத் தவணைக்குக் காசு இல்லை. தவறினால் மீதி மொத்தமும் அப்பவே கட்ட வேண்டும், கணக்கு முடங்கும், பட்டறையை விற்றாக வேண்டும். இத்தனை நாள் கட்டியும் மறுபடி தொடங்கிய இடத்துக்கே போய்விடுவோமோ என்று நான் நடுங்கினேன். கழற்றிக் கொடுக்க என் கையில் வளையலும் இல்லை. நீ காலையில் எழுந்து, உன் தோல் வெட்டுகிற கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சுலைமான் காக்கா பட்டறைக்குப் போனாய். அவருடையது மாடியில், தண்ணீர் ஏறவில்லை. "காக்கா, கட்டிங் வேலை இருந்தாக் குடுங்க. தினக்கூலிக்கு உக்காருதேன்" என்று நீ கேட்டது எனக்கு ஏணி மேலேயே கேட்டது. ஒரு பட்டறையின் முதலாளி இன்னொரு பட்டறையில் கூலிக்குத் தரையில் உட்காருவது நம் சந்தில் நடக்காத காரியம். போவோர் வருவோர் எல்லாம் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். நான் வெட்கத்தில் ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் நானே போய் அதைத் திறந்துவிட்டு, நீ வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தாய். சுலைமான் காக்காதான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

தவணைக்கு முந்தின சனிக்கிழமை அவர் கூலியைக் கவரில் போட்டுக் கொடுத்தார். பேசிய கூலியைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது. நீ திருப்பிக் கொடுத்துவிடுவாய், மானஸ்தன் என்று ஊர் பேசும், தவணை போய்விடும் என்று எனக்கு உள்ளூரப் பதற்றம். நீ அமைதியாக அதைப் பையில் வைத்துக்கொண்டாய். "அவரு கொடுக்க வேண்டியதத்தான கொடுக்காரு. நான் ஏன் வேண்டாம்ங்கணும்?" என்றாய். தவணை கட்டியாயிற்று. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெரிய ஆர்டர் முடிந்ததும் ஒரு கவர் வருகிறது, ஒரு வார்த்தை இல்லாமல். நான் அவரிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் பாடு, நீ அதில் தலையிடாதே.

இனி உங்கள் கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் பார்த்து, பேசி, எல்லாம் கூடி வந்த நேரத்தில் நீ என்னிடம், "வரி பாக்கிய அவங்கட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாய். நான் மழுப்பினேன். நிக்காஹ் முடியட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். யாரும் திருடவில்லை, குடிக்கவில்லை, வரிதானே, அதுவும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று வாதாடினேன். நல்ல இடம், தங்கமான பெண், கை நழுவிப் போய்விடுமோ என்று எனக்குக் கிலி. நீ என் எதிரிலேயே போனைப் போட்டாய். "மாமா, ஒரு விஷயம். என் பேர்ல இன்கம் டாக்ஸ் பாக்கி இருக்கு. மாசாமாசம் கட்டுதேன். முடிய இன்னும் ரெண்டு வருஷம் கிட்ட ஆவும். நிக்காஹுக்கு முன்ன ஒங்களுக்குத் தெரியணும்" என்றாய். நஸ்ரினின் வாப்பா ஹார்டுவேர் கடை வைத்து நடத்துகிற மனிதர், கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர். "யோசிச்சுச் சொல்லுதேன் தம்பி" என்று வைத்துவிட்டார். அதுவரை மருமகனே என்று கூப்பிட்டவர் தம்பி என்றுவிட்டார். உன் முகம் வாடியதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. அவள் போட்டோவை நீ எத்தனை தடவை போனில் எடுத்துப் பார்த்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் போன் வரவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும், நான் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். உன்னை ஏசக்கூட எனக்குத் தெம்பு இல்லை. நீ வழக்கம்போலப் பட்டறைக்கு இறங்கினாய், ஏறினாய், அந்த மாதத் தவணையையும் கட்டினாய். பிறகு ஒரு மத்தியானம் போன் அடித்தது. பேசியது நஸ்ரின். "ஸ்பீக்கர்ல போடுங்க, மாமியும் கேக்கட்டும்" என்றாள். "வாப்பாட்ட சொன்னத எங்கிட்டயும் ஒருக்க சொல்லுங்க" என்றாள். நீ முதலிலிருந்து கடைசிவரை சொன்னாய், ஒரு மாதம் தவறினால் மொத்தத்தையும் கட்ட வேண்டும் என்கிற விதி உட்பட. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மாசமாச்சும் தவறியிருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். மழையைச் சொல்லவில்லை, கூலிக்கு உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் மருமகள் சொன்னதை அவளே இப்போது வாசிக்கட்டும், எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "நீங்க எனக்குத் தர வேண்டிய மஹர் பணத்த நிக்காஹ் அன்னைக்கே மொத்தமாத் தரணும்னு வாப்பா பேசியிருந்தாங்கல்ல? மஹரு எனக்கு உள்ளது, நான்தான சொல்லணும். எனக்கு மொத்தமா வேண்டாம். ஒங்க வரி கட்டி முடிஞ்ச மறுமாசத்துலருந்து எனக்கு மாசாமாசம் தாங்க. ஆனா ஒரு மாசம் தவறுனாலும் மீதி மொத்தத்தையும் அப்பவே கேப்பேன். கவர்மெண்டுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" நீ சிரித்தாய் மகனே. கணக்கு முடங்கிய நாளிலிருந்து அப்படி நீ வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, ஆபீசரிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாய், "பக்கா." பின்னாலிருந்து அவள் வாப்பாவின் குரல் வந்தது. "பள்ளிவாசல் ஹஸ்ரத்துட்ட கேட்டுட்டேன் மருமவனே. நிக்காஹ் தஃப்தர்ப் புத்தகத்துல அப்படியே எழுதலாம்ங்காவ." போனை வைத்த பிறகு நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இனி நான் சொல்ல என்ன இருக்கிறது? உன் மெயிலை வாரம் ஒருமுறை பார். அவள் கையால் சமைத்ததை என்னுடையதோடு ஒப்பிடாதே, ஒப்பிட்டாலும் வெளியே சொல்லாதே. உங்களுக்குள் மனத்தாங்கல் வந்தால், வராமல் இருக்காது, எல்லாவற்றையும் ஒரே நாளில் பேசித் தீர்க்கப் பார்க்காதே. பெரும் பாக்கியையே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தவன் நீ, அந்தப் பொறுமை உன் கையில் இருக்கிறது. அவளிடம் எதையும் மறைக்காதே என்று நான் புத்தி சொல்லத் தேவையில்லை. அதை நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் இன்னது, மாதத் தவணையில் தருவது என்று ஹஸ்ரத் வாசிப்பார். ஊர்க்காரர்கள் சிலர் வாயைப் பொத்திச் சிரிக்கலாம், சிரிக்கட்டும். நீ கையெழுத்துப் போடுவாய், சாட்சிக்கு இரண்டு ஆண்கள் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களில் யாரும் உன் மழை மாதத்தைப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்தவள் நான், பெண்கள் பக்கம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அந்தத் தஃப்தரில் எனக்கு இடம் இல்லை, அதனால் என் கையெழுத்தை இங்கே போடுகிறேன்.

நஸ்ரின், வாசித்துக்கொண்டிருப்பது நீதானே? அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கு அவன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டான். முழுப் பதில் இந்தக் கடிதம்தான் தாயி. இவன் ஒரு மாதமும் தவறவில்லை. கண்ணால் கண்ட நான் சாட்சி.

உம்மா